ஃபேன் இல்லாத கார்டு

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இது நடந்துகொண்டுதான் இருக்கும். வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டோம், அதற்குள் பிள்ளை ஃபோனை முகத்துக்கு நேரே நீட்டும். இது நல்லதா, அது நல்லதா, நீயே சொல்லு. எதைச் சொன்னாலும் உனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பேச்சு கேட்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது தினப்படி.

என் மகள் கல்லூரியில் முதல் வருடம். கம்ப்யூட்டரில் பொம்மைப் படம் செய்யப் பழகுகிறாள். வீட்டில் இருப்பது என் கணவரின் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர். அதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் இன்னும் இரண்டு வருடம் ஓட்டிவிடலாம் என்றாள். சரி, வாங்கு என்று சொன்னதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. புதுசா, பழசா, பழசு என்றால் யார் ஓட்டியது, பெட்டிக்குள் இடம் போதுமா, கரண்ட் தாங்குமா. நான் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் சேலம் போய், கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊரார் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வருகிறவள். வீட்டுக்கு வந்தும் கேள்வி என்றால் அலுப்பு வராமல் என்ன செய்யும்?

ஒரு நாள் தாங்காமல் மேட்டூரில் இருக்கிற அக்காவுக்கு ஃபோன் போட்டேன். ஒரு காலத்தில் இதெல்லாம் உனக்கு அத்துப்படி ஆச்சே, நீ ஒரு வார்த்தை சொல்லேன் என்று கேட்டேன்.

"என்னையக் கேக்காத சாமி. எனக்கென்ன தெரியும்? நீங்க பாத்து எது வாங்குனாலும் செரி" என்று வைத்துவிட்டாள்.

அக்கா எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வாள். துணிக்கடையில் புடவைகளை விரித்துப் போட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஹோட்டலில் என்ன வேண்டும் என்று கேட்டால், மாமா சொன்னதே தனக்கும் என்பாள். அவள் வீட்டுச் சுவருக்குப் பூசிய பச்சை நிறம்கூடக் கொத்தனார் முடிவு செய்தது. அமைதியான பெண் என்று உறவுக்காரர்கள் மெச்சிக்கொள்வார்கள். எனக்கு அதைக் கேட்டால் எரிச்சலாக வரும். அக்கா அப்படிப் பிறந்தவள் அல்ல.

நாமக்கல்லுக்கு வெளியே, மோகனூர் போகிற பாதையில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்பக்கம் அப்பாவின் பட்டறை. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை. சட்டமும் சக்கரமுமாக வெறும் சேசிஸாக உள்ளே வருகிற வண்டி, கேபின், பலகை, பெயிண்ட், பூ வேலை எல்லாம் முடிந்து மாப்பிள்ளை மாதிரி வெளியே போகும். நாங்கள் தின்னர் வாசனையில் சோறு தின்று, வெல்டிங் சத்தத்தில் பாடம் படித்தவர்கள். மழைக்காலத்தில் பெயிண்ட் காயாது. அப்போது அப்பாவின் முகமும் காயாது, எல்லார்மேலும் எரிந்து விழுவார்.

நான் ஒன்பதாவது படித்த வருடம். அக்கா பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மோகனூரில் ஏதோ ஆபீஸில் தள்ளிவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றை அப்பா வாங்கிப் போட்டிருந்தார். அது வந்த மறுநாளே பட்டறை அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டது. சீட் தைக்கிறவர் அதற்குச் சிவப்பு ரெக்ஸினில் மஞ்சள் ஓரம் வைத்து ஓர் உறை தைத்தார். பெயிண்டர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தாமரையும் ஒரு கிளியும் வரைந்துவிட்டுப் போனார். அந்த உறையை அவிழ்க்கும்போது வருகிற புது ரெக்ஸின் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அந்தக் கிளி எந்தக் குப்பையில் கிடக்கிறதோ.

சேலத்தில் ஓர் இன்ஜினியர் இருந்தார். வண்டிப் பாடிகளுக்குப் படம் போட்டுக் கொடுப்பவர். அப்பாவோடு பேச வந்தவர், அக்கா காகிதத்தில் போட்டு வைத்திருந்த கேபின் படங்களைப் பார்த்துவிட்டார். இதையே கம்ப்யூட்டரில், எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கிற மாதிரி ஒரு முழுப் பாடி செய்து தீபாவளிக்குள் கொண்டுவந்தால், வீட்டிலிருந்தபடியே செய்ய வேலை தருகிறேன் என்றார். அப்பா யோசித்தார். அப்போதே மேட்டூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து காத்திருந்தது. வேலை கிடைத்தால் கல்யாணத்தை இரண்டு வருடம் தள்ளலாம், கிடைக்காவிட்டால் ஐப்பசியிலேயே பெண் பார்க்க வரச் சொல்லிவிடுவேன் என்று தீர்மானமாகச் சொன்னார். பேச்சு மாறாதவர் என்று அவருக்கு ஊரில் பெயர்.

அந்தப் பெட்டியில் படத்தைத் திருப்பினால் திரை அப்படியே உறைந்துவிடும். ஒரு கதவு சுற்றி வருவதற்குள் அம்மா ஒரு படி அரிசி புடைத்துவிடுவாள். கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் வேலை நடக்கும் என்று அக்கா சொன்னாள். அவ்வளவுதான், வீடு இரண்டு பட்டது. பட்டறையில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கார்டைக் கண்ணால் பார்த்திராதவர்கள்தான் அதிகம் சொன்னார்கள்.

அக்கா கம்ப்யூட்டர் பத்திரிகைகளை இரவல் வாங்கி வந்து, வரி வரியாகப் படித்தாள். அப்பாவும் அவளும் நானும் சேலம் போனோம். கடைக்காரர் எடுத்ததும் ஒரு பெரிய கார்டைக் காட்டினார். முதுகில் ஃபேன் சுற்றுகிற கார்டு. மெமரி இரண்டு மடங்கு என்றார். அப்பாவுக்கு அதன்மேல் கண் விழுந்துவிட்டது. அக்கா அதைக் கையில்கூட வாங்கவில்லை. பக்கத்தில் இருந்த சின்னதைக் காட்டினாள். ஃபேன் இல்லை, அலுமினியத் தகடு மட்டும் ஒட்டியிருந்தது.

அப்பா, இத்தனை சூடாகிற சாமானுக்கு ஃபேன் இல்லாமல் எப்படி என்று கேட்டார். ரேடியேட்டருக்கு ஃபேன் ஓடாத வண்டி மலை ஏறுமா என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

"மெமரி பெருசா இருந்தாப் பத்தாதுங்கப்பா. நம்ம பொட்டி பழசு, அந்தக் கரண்டத் தாங்கோணுமில்லீங்க. சேசிஸ் தாங்காத பாடிய நீங்க கட்டுவீங்களா?" என்றாள் அக்கா.

கடைக்காரர் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். சின்னதையே வாங்கினோம். பஸ்ஸில் திரும்பும்போது அக்கா அந்த டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த நிமிர்வை அப்புறம் நான் பார்த்ததே இல்லை.

அன்று ராத்திரியே மாட்டியிருக்கலாம். ஆனால் மறுநாள் ஆயுத பூசை. பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்த சாமான் எதுவானாலும், அது துளை போடுகிற மெஷினோ ஒரு ஸ்பேனரோ, பூசையில் வைத்துப் பொட்டு வைத்த பிறகு, விஜயதசமி காலையில் வீட்டுப் பெரியவர் கையால்தான் முதல் வேலை தொடங்க வேண்டும். வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது. அதுவாகக் காய்ந்து உதிரட்டும் என்று விட்டுவிட வேண்டும். கார்டும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. அக்காவும் சந்தோஷமாகச் சரி என்றாள்.

பூசையன்று காலையில் அக்கா வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நம் தலைமுறைப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்த இடம்தான். தார்பாலின் அடுக்கி வைக்கிற பின்னறையில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. மூன்று நாளைக்குப் பூசைச் சாமான் எதையும் தொடக் கூடாது. கார்டும் இப்போது பூசைச் சாமான். இரண்டு நாள் பொறுத்து நானே மாட்டிக்கொள்கிறேன் என்று அக்கா உள்ளேயிருந்து கெஞ்சினாள். நல்ல நாளை விட்டுவிட்டு அப்புறம் என்ன மாட்டுவது என்று அப்பா சொல்லிவிட்டார்.

அம்மா பூசையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். வெல்டிங் சாமான், சுத்தியல், இழைப்புளி, டிரில்லர், கடைசியில் வாழை இலைத் துண்டில் கார்டு. சந்தனம் குழைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து வந்தவள், கார்டுக்கு வந்ததும் கை நின்றது. எது முகம் என்று தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் தகடு. கீழ் விளிம்பில் மட்டும் தங்க நிறத்தில் பல் பல்லாக வரிசை. இதுதான் லட்சணமாக இருக்கிறது என்று சொல்லி, அந்தத் தங்க வரிசையின் மேலேயே மூன்று பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நகை போட்ட மாதிரி அழகாக இருந்தது.

மறுநாள் காலை நல்ல நேரத்தில், பட்டறை ஆட்கள் சுற்றி நிற்க, அப்பா கார்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிப் பெட்டிக்குள் அழுத்தினார். பொட்டோடுதான். ஸ்விட்சைப் போட்டார். திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டி மட்டும் பீப் பீப் என்று கத்தியது.

நான் பின்னறைக்கும் முன்னறைக்கும் ஓடினேன். சத்தம் எப்படி வந்தது என்று அக்கா கேட்டாள். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்றேன். கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டச் சொல்லு என்றாள். நான் ஓடி வந்து அப்படியே சொன்னேன். அப்பா கழற்றித் திரும்ப மாட்டினார். துடைக்கவில்லை. சாமிப் பொட்டைத் துடைப்பதா என்று அம்மா தடுத்துவிட்டாள். இந்தத் தடவை இன்னும் பலமாக அழுத்தினார். அதே சத்தம். கார்டை உருவியதும் பழையபடி திரை வந்துவிட்டது.

அப்புறம் யாருக்கும் சந்தேகம் இல்லை. எடுத்தால் ஓடுகிறது, போட்டால் ஓடவில்லை, ஆகவே கார்டுதான் பழுது. ஃபேன் இல்லாததை வாங்கினால் இப்படித்தான் என்று பெயிண்டர் சொன்னார். பெரியதை வாங்கியிருக்கலாம் என்று சீட் தைக்கிறவர் சொன்னார். அப்பா கைகழுவப் பின்பக்கம் போனார். பின்னறைக் கதவுக்கு எதிரே நின்று, உள்ளே கேட்கும்படிதான் சொன்னார்.

"பொம்பளப் புள்ள பேச்சக் கேட்டு வாங்குனது என்னோட தப்பு."

அதட்டிச் சொல்லவில்லை. அதட்டியிருந்தால்கூட அக்கா அழுது முடித்திருப்பாள்.

தூரம் கழிந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்ததும், கார்டை ஒரு தடவை தன்னிடம் கொடுக்கும்படி அக்கா கேட்டாள். மறுபடி மாட்டி உள்ளதும் கருகிப் போய்விட்டால் என்ன செய்வது என்று அப்பா தரவில்லை. கடையில் கொடுத்து மாற்றலாம் என்றாள். பூசையில் வைத்ததைத் திருப்பிக் கொடுப்பது குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மா சொன்னாள். தீபாவளி வந்து போயிற்று. சேலத்து இன்ஜினியர் ஒரு தடவை சொல்லி அனுப்பினார், அப்புறம் விட்டுவிட்டார். ஐப்பசியில் மேட்டூர்க்காரர்கள் வந்தார்கள். தையில் கல்யாணம். புடவை எடுக்க எல்லாரும் சேலம் போனபோது எது பிடித்திருக்கிறது என்று அக்காவைக் கேட்டார்கள். நீங்களே பாருங்க என்று அவள் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

மாமா நல்லவர்தான், அனல்மின் நிலையத்தில் வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கையில் ஒருத்தி இப்படி ஓரமாக ஒதுங்கி நிற்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்? நானும்தான் பழகிவிட்டேன்.

இப்போது என் மகள் கதைக்கு வருகிறேன். ஒரு மாதம் எங்களை வதைத்துவிட்டு, கடைசியில் யாரோ ஓட்டிய பழைய கார்டு ஒன்றைச் சேலத்தில் வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து மாட்டினாள். திரை கறுப்பாகவே இருந்தது. அவள் கொஞ்சமும் அசரவில்லை. கார்டை உருவி, பென்சில் ரப்பரை எடுத்து, அந்தத் தங்கப் பல் வரிசையைப் பரபரவென்று தேய்த்தாள். ஊதிவிட்டு மாட்டினாள். திரை வந்துவிட்டது.

என்ன செய்தாய் என்று கேட்டேன். அந்த இடத்தில் கை அழுக்குப் பட்டிருந்தால்கூட வேலை செய்யாதும்மா, அது தொட்டால்தான் கரண்டே போகும் என்றாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். வாழை இலையும், சந்தனமும், நகை போட்ட மாதிரி இருந்த அந்த விளிம்பும் அப்படியே கண்முன் வந்து நின்றன. என்னவோ போலாகிவிட்டது. அன்றைக்குச் சமைக்கவே முடியவில்லை, பரோட்டா வாங்கி வந்து சாப்பிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை நாமக்கல் போனேன். அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. பட்டறையை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு அம்மா முன்வீட்டில் இருக்கிறாள். பழைய கார்டு எங்கேயாவது கிடக்கிறதா என்று கேட்டேன். கிடக்கிறதாவது என்று அம்மா கோபித்துக்கொண்டாள். பூசை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்துத் தந்தாள். பொட்டு வைத்த பொருளை எறிவார்களா? வருடா வருடம் ஆயுத பூசைக்கு அதற்கும் ஒரு பொட்டு வைத்து வந்திருக்கிறாள். தங்க வரிசையே தெரியவில்லை. சந்தனம் அடுக்கு அடுக்காகக் காய்ந்து, பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெடித்திருந்தது.

எதற்கு என்று அம்மா கேட்டாள். பேத்திக்குக் காட்ட என்றேன். எழுபது தாண்டியவளிடம் போய் இதை என்னவென்று சொல்வது?

அங்கிருந்தே மேட்டூருக்குப் பஸ் ஏறினேன். அக்கா என்னைப் பார்த்ததும் பதறினாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறேனே என்று. காப்பி குடித்த பிறகு கார்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். மகள் ரப்பரால் தேய்த்ததைச் சொன்னேன். அம்மா பொட்டு வைத்த இடத்தைச் சொன்னேன். அக்கா நகத்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டினாள். சந்தனம் பொரிந்து மடியில் விழுந்தது. கீழே தங்க நிறம் மங்கலாகத் தெரிந்தது.

"பவர் பத்தாம இருந்தா அது பீப்புன்னுகூட கத்தியிருக்காது" என்றாள், யாரிடமோ பேசுகிற மாதிரி. "நாந்தான் கணக்குத் தப்பாப் போட்டுட்டேன்னு இத்தன வருசமா நெனச்சுட்டு இருக்கறேன்."

"இல்லக்கா. தொடுப்பு இல்ல, அவ்வளவுதான்."

"மாட்டிப் பாத்தீங்களா?"

அந்தக் கார்டைச் செருகுகிற மாதிரி ஸ்லாட் இப்போது எந்தப் பெட்டியிலும் வருவதில்லை என்றேன். இனிமேல் யாரும் மாட்டிப் பார்க்க முடியாது. அக்கா தலையாட்டினாள். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அப்பா இருந்திருந்தால் இழுத்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தியிருப்பேன்.

"அம்மாகிட்டச் சொல்லிப்போடாத அம்முணி" என்று மட்டும் சொன்னாள். மடியில் விழுந்த சந்தனத் தூளைக் கூட்டி எடுத்து, துளசிச் செடிக்கடியில் போட்டுவிட்டு வந்தாள்.

சாயங்காலம் மாமா எங்களை அணைப்பக்கம் அழைத்துப் போனார். நான் வந்தால் எப்போதும் போவோம். வரிசையாக மீன் பொரிக்கிற கடைகள், எண்ணெய்ப் புகை, ஈரக் காற்று. கடைக்காரம்மா என்ன போடட்டும் என்றார். மாமா வழக்கம்போலத் தனக்குக் கெண்டை என்றார். அப்புறம் அக்கா பக்கம் கையைக் காட்டி, அவங்களுக்கும் அதே என்றார்.

"எனக்குக் கெண்ட வேண்டாங்க. அதுல முள்ளு. எனக்கு ஜிலேபி மீனு" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு எழுந்து போய், தட்டில் மசாலா தடவி வைத்திருந்ததில் குனிந்து பார்த்து, ஒன்றைத் தள்ளிவிட்டு இன்னொன்றைக் காட்டினாள். மாமா திகைத்துப் போனார். கல்யாணமான நாளிலிருந்து கெண்டைதானே சாப்பிடுகிறாய், பிடிக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டார்.

"நாஞ்சொன்னாத் தப்பாப் போயிருமோன்னு இருந்துட்டேனுங்க" என்றாள்.